சிங்கப்பூரில் உயிரிமருத்துவப் பொறியியல் விரிவுரையாளர் பணி: முதுநிலை மாணவர்களுக்குக் கற்பிக்க விண்ணப்பிப்பது எப்படி?

முனைவர் பட்டம் முடித்து, சில ஆண்டுகள் ஆய்வாளராக இருந்துவிட்டு, இனி கற்பிப்பதுதான் என் வேலை என்று முடிவெடுத்தவர்களுக்கான வழிகாட்டி இது. எம்எஸ்சி, பிஎச்டி மாணவர்களுக்கு உயிரிமருத்துவப் பொறியியல் நடத்தும் பணியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சிவியில் தொடங்குகிறார்கள். அதற்குப் பல வாரம் மெருகேற்றிவிட்டு, தங்கள் கற்பித்தல் முறையை விளக்கும் டீச்சிங் ஸ்டேட்மென்ட்டைக் கடைசி நாள் இரவு எழுதி முடிக்கிறார்கள். அதன் பிறகு, அழைப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதிரி வகுப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் ஒரே ஒரு பாடத்தை முழுசாக வடிவமையுங்கள். மற்ற காகிதங்கள் எல்லாம் அதிலிருந்து பிறக்கும்.

1. எந்தத் தடம் என்று பாருங்கள்

அசிஸ்டன்ட் புரொபசர் என்று விளம்பரம் வந்தால் அது பொதுவாக டென்யூர் டிராக், அதாவது நிரந்தரப் பேராசிரியர் பதவியை நோக்கிய தடம். அங்கே ஆய்வுத் திட்டமும் கட்டுரைகளும் நிதி கொண்டுவரும் திறனும்தான் முதலில் எடைபோடப்படும். லெக்சரர், சீனியர் லெக்சரர் என்றால் கற்பித்தல் தடம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யூஎஸ்) இதற்கு எஜுகேட்டர் டிராக் என்று பெயர். அந்தத் தடத்திலும் அசோசியேட் புரொபசர் பதவி உண்டு. அதனால் பதவிப் பெயரை மட்டும் நம்பாமல் பொறுப்புகள் என்ற பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

தேடும்போது இன்னொன்று. பயோஎஞ்சினியரிங் என்ற ஒரே சொல்லைப் போட்டுத் தேடினால் பாதி விளம்பரம் கண்ணில் படாது. என்யூஎஸ்ஸில் இது பயோமெடிக்கல் எஞ்சினியரிங் துறை. அது டிசைன் அண்ட் எஞ்சினியரிங் கல்லூரியின் கீழ் வருகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல், வேதிப்பொறியியல், உயிரித்தொழில்நுட்பம் மூன்றும் ஒரே ஸ்கூலின் பெயரில் இருக்கின்றன. துறையின் பெயரைக் கொண்டு தேடுங்கள்.

முதுநிலைக் கற்பித்தல்தானா என்பதற்கும் விளம்பரத்திலேயே குறிப்பு இருக்கும். கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸ், மாலை வகுப்பு, ப்ராஜெக்ட் மேற்பார்வை, பணியில் இருப்போருக்கான சான்றிதழ்ப் படிப்பு போன்ற சொற்கள் வந்தால் உங்கள் மாணவர்கள் பாதிப் பேர் பகலில் வேலை பார்ப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லா முடிவையும் இது மாற்றும்.

2. விண்ணப்பிக்கும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

நம்மவர்களுக்கு முதல் தலைவலி பெயர். பட்டச் சான்றிதழில் கார்த்திக் ஆர் என்று இன்ஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கார்த்திக் ராமசாமி என்று இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் மூன்றாவதாக ஒரு வடிவம். பல்கலைக்கழகத்தின் எச்ஆர், பட்டத்தைச் சரிபார்க்கும் நிறுவனம், மனிதவள அமைச்சு என்று பல கைகளுக்கு உங்கள் காகிதம் போகும். ஒவ்வொரு கையிலும் இதே கேள்வி எழும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சான்றை ஊரில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். இங்கிருந்துகொண்டு தாலுகா அலுவலகத்துக்கு ஆள் அனுப்புவது பெரும் பாடு.

இரண்டாவது, பட்டச் சான்றிதழ். புரொவிஷனலை வைத்துக்கொண்டு பல ஆண்டு ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். பட்டமளிப்புச் சான்றிதழை வாங்குங்கள். படிவத்தில் படித்த கல்லூரியின் பெயரைப் போடாமல், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் படித்தவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். சரிபார்ப்பவர் கல்லூரியின் பெயரைத் தேடுவார், கிடைக்காது, கோப்பு அப்படியே நிற்கும்.

மூன்றாவது, கற்பித்ததற்கான ஆதாரம். மாணவர் கருத்துக் கணிப்பு, நீங்களே எழுதிய வினாத்தாள், வீட்டுப்பாடம், வகுப்பைப் பார்த்த மூத்த ஆசிரியர் எழுதிய குறிப்பு எல்லாம் இதில் அடங்கும். பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் முழுநேர ஆய்வு மட்டும் செய்தவரிடம் இவை இருக்காது. அவர்கள் தெரிந்த பேராசிரியரிடம் கேட்டு ஒன்றிரண்டு விருந்தினர் வகுப்பு எடுக்கலாம். ஆய்வகத்துக்கு வரும் மாணவருக்கு வழிகாட்டியதை எழுதி வைக்கலாம். ஆனால் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர் பாஸில் குறித்த நிறுவனத்துக்குத்தான் வேலை செய்யலாம். சம்பளத்துக்கு மாலை வகுப்பு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், எச்ஆரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

3. ஒரு பாடத்தை முழுசாக வடிவமையுங்கள்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களின் விண்ணப்பம் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

முதுநிலை வகுப்பில் யாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. முன் வரிசையில் இருப்பவர் இயந்திரப் பொறியாளர். திரவ ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு தெரியும், செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அடுத்தவர் உயிரியல் படித்தவர், வகைக்கெழுவைப் பார்த்துப் பல ஆண்டு ஆகியிருக்கும். கடைசி வரிசையில் மருத்துவமனைக் கருவிப் பிரிவிலிருந்து நேராக வந்து, பசியோடு உட்கார்ந்திருப்பவர். இவர்கள் மூவரும் உங்கள் பாடம் முடிந்த பிறகு எதைச் செய்ய முடியும்? தேர்வுக் குழு உங்களிடம் கேட்கப்போவது சுற்றி வளைத்து இது ஒன்றைத்தான்.

வடிவமைக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கற்றல் விளைவுகள், அப்புறம் மதிப்பீடு, கடைசியில் வாரப் பட்டியல். பலர் வாரப் பட்டியலில் தொடங்கி, ஒரு பாடநூலின் அத்தியாயங்களை அப்படியே 13 வாரத்துக்குப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தேர்வு நினைவாற்றலைத்தான் சோதிக்கும். விளைவு முதலில் வந்தால், அதை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி உடனே வரும். அதற்கு விடை கிடைத்தால் எந்த அத்தியாயம் தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

மருத்துவக் கருவி வடிவமைப்பு என்ற பாடத்தையே எடுத்துக்கொள்வோம். "மருத்துவக் கருவிகளின் ஒழுங்குமுறையைப் புரிந்துகொள்வர்" என்று எழுதினால் அது விளைவு அல்ல. புரிந்துகொண்டதை எப்படி அளப்பீர்கள்? "கொடுக்கப்பட்ட கருவியைச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஏ முதல் டி வரையிலான ஆபத்து வகுப்புகளில் ஒன்றில் பொருத்தி, காரணம் காட்டி வாதிடுவர்" என்று எழுதினால் அளக்கலாம். நாக்கை அழுத்தும் குச்சி ஏ வகுப்பு, இதய வால்வு டி வகுப்பு என்பது எல்லாருக்கும் புரியும். நடுவில் கிடக்கும் கருவிகளில்தான் வாதம் சூடுபிடிக்கும். மதிப்பீடும் அங்கேயே கிடைத்துவிட்டது: ஒரு குளுக்கோஸ் மீட்டருக்கு ஐஎஸ்ஓ 14971 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி ஆபத்து மேலாண்மைக் கோப்பு தயாரிக்கச் சொல்லலாம். இயந்திரப் பொறியாளர் ஒரு வகை ஆபத்தைப் பார்ப்பார், உயிரியல்காரர் வேறொன்றை, மருத்துவமனைக்காரர் இருவரும் கனவிலும் நினைக்காத ஒன்றை. கலவையான வகுப்பு இங்கே பலமாகிவிடுகிறது. இதை உங்கள் ஆவணத்தில் இரண்டு வரியில் சொல்லுங்கள்.

வாரக் கணக்கிலும் உள்ளூர் நடைமுறை தெரிந்திருக்க வேண்டும். செமஸ்டர் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தொடங்கும். கற்பிக்கும் வாரம் 13, நடுவில் ஒரு வாரம் இடைவேளை. என்யூஎஸ்ஸில் 4 யூனிட் பாடம் என்றால் மாணவருக்கு வாரம் 10 மணி நேர வேலை என்று கணக்கு. அதில் 3 மணி வகுப்புக்குப் போனால் மிச்சம் 7. வாரம் ஐந்து ஆய்வுக் கட்டுரை படித்து வரச் சொல்லும் திட்டங்கள் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகும். வேலைக்குப் போகிறவர் அந்த 7 மணியை எந்த நாளில் எடுப்பார் என்றும் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு கண்ணி. மாணவர்களே ஒருவரை ஒருவர் அளந்து தரவு திரட்டும் பயிற்சி பார்க்க அழகாக இருக்கும். அந்தத் தரவை ஆய்வுக்குப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 2015 ஆம் ஆண்டின் மனித உயிரிமருத்துவ ஆய்வுச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. பயிற்சிக்கு மட்டும்தானா, ஆய்வுக்குமா என்பதைத் திட்டத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

4. டீச்சிங் ஸ்டேட்மென்ட் எழுதுவது

பாடத்தை வடிவமைத்துவிட்டால் இது ஒரு நாள் வேலை. பாடம் இல்லாமல் உட்கார்ந்தால்தான் "கற்பித்தல் என் உயிர்மூச்சு" என்று கை தானாக எழுதும். பள்ளி ஆசிரியர், தாத்தா, குருகுலம் என்று போய், இரண்டாம் பக்கம் முடியும்போதும் வகுப்பறைக்குள் வந்திருக்க மாட்டார்கள்.

நம்புவது ஒன்று, அதற்காக வகுப்பில் செய்தது ஒன்று, அதனால் மாறியது ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்த பத்தி இரண்டு போதும். மாறியது என்ன என்பதில்தான் பலர் வழுக்குவார்கள். மாணவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பது ஆதாரம் அல்ல. முதல் வீட்டுப்பாடத்தில் அலகுகளை மாற்றிப் போட்டவர்கள் மூன்றாவதில் சரியாகப் போட்டார்கள் என்றால் அது ஆதாரம். எது வேலை செய்யவில்லை என்றும் ஒரு வரி சேருங்கள், படிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

5. சிவியும் கவர் லெட்டரும்

ஆய்வு சிவியை அப்படியே அனுப்பாதீர்கள். கற்பித்தல் பகுதி கல்வித் தகுதிக்கு அடுத்து வரட்டும், கட்டுரைப் பட்டியல் பின்னால் போகட்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் நிலை, மாணவர் எண்ணிக்கை, உங்கள் பங்கு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். டுடோரியல் எடுத்ததை முழுப் பாடமும் நடத்தியதுபோல் எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

கவர் லெட்டர் ஒரு பக்கம். துறை ஏற்கெனவே நடத்தும் பாடங்களின் பட்டியலை இணையதளத்தில் பார்த்து, நாளையே நடத்தக்கூடியவை எவை, ஒரு செமஸ்டர் தயாரிப்போடு நடத்தக்கூடியவை எவை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். துறைத் தலைவருக்கு இருக்கும் பிரச்சினை காலியாகக் கிடக்கும் கால அட்டவணை. உங்கள் கனவுப் பாடம் அப்புறம்தான்.

6. பரிந்துரையாளர்கள்

நம் ஊரில் பரிந்துரைக் கடிதம் என்றால் நன்னடத்தைச் சான்றிதழின் அண்ணன். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, இவருக்கு எல்லா வெற்றியும் கிட்ட வாழ்த்துகிறேன்" என்று ஓய்வுபெற்ற துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். இங்கே அதற்கு மதிப்பில்லை. பல்கலைக்கழகம் அவர்களை நேரடியாகத் தொடர்புகொண்டு, குறிப்பான கேள்விகளைக் கேட்கும்.

நீங்கள் வகுப்பெடுத்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். பெரிய பெயர் உள்ளவர், ஆனால் உங்கள் வகுப்பைப் பார்க்காதவர் என்றால் இரண்டாம் இடத்துக்குப் போகட்டும். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு, பாட வடிவமைப்பையும் ஸ்டேட்மென்ட்டையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். "சார், இதில் கலவையான வகுப்பைச் சமாளித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதினால் உதவியாக இருக்கும்" என்று கேட்பதில் தவறே இல்லை.

7. மாதிரி வகுப்பு

அழைப்பு வந்துவிட்டது. மாதிரி வகுப்புக்குத் தரப்படும் நேரம் குறைவு. பெரும்பாலானவர்கள் இதைத் தங்கள் ஆய்வைப் பற்றிய சொற்பொழிவாக மாற்றிக் கெடுத்துக்கொள்கிறார்கள். 45 ஸ்லைடு, முதல் இரண்டில் நன்றி அறிவிப்பு, கடைசி ஐந்தில் வரைபடங்கள். கேட்பவர் எதையும் செய்யவில்லை.

ஒரே கருத்தை எடுங்கள். கணக்கு ஒன்று, கேள்வி ஒன்று, கேட்பவர் கையால் செய்வது ஒன்று. எடுத்துக்காட்டுக்கு, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எனக்குப் பிடித்த தலைப்பு. 2021 ஜூலையில் டெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்ததால் சிங்கப்பூரில் அதைப் பார்க்காதவர் குறைவு. அறிமுகத்துக்கே நேரம் செலவாகாது.

இப்படிக் கொண்டுபோகலாம். விரலுக்குள் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் போகின்றன. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஆக்சிஜன் ஏறியது அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். விரலைத் தாண்டி வரும் ஒளியில் நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மாறாத பகுதியால் வகுத்து, இரண்டு நிறங்களுக்கும் விகிதம் எடுக்கிறோம். பலகையில் எண்களைப் போடுங்கள்: சிவப்பில் 0.02-ஐ 2-ஆல் வகுத்தால் 0.01. அகச்சிவப்பில் 0.04-ஐ 2-ஆல் வகுத்தால் 0.02. விகிதம் 0.5. பாடநூல்களில் தோராயமாகப் பயன்படுத்தும் சூத்திரம், 110-இலிருந்து விகிதத்தின் 25 மடங்கைக் கழிப்பது. விடை, ஆக்சிஜன் அளவு 97.5 சதவீதம். விகிதம் 1 ஆனால் எவ்வளவு என்று குழுவையே கணக்கிடச் சொல்லுங்கள், 85 என்பார்கள்.

இதுவரை இளநிலைப் பாடம். பலர் இங்கேயே முடித்துவிடுவார்கள். முதுநிலை வகுப்பு தொடங்குவது அடுத்த கேள்வியில்: அந்த 110-உம் 25-உம் எங்கிருந்து வந்தன? ஒளி எவ்வளவு உறிஞ்சப்படும் என்று சொல்லும் பீர்-லாம்பர்ட் விதி, ஒளி சிதறும் திசுவுக்கு அப்படியே பொருந்தாது. அதனால் ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆக்சிஜன் அளவைச் சுமார் 70 சதவீதம் வரை குறைத்து, ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டு, அந்த வளைவைச் சோதனையிலிருந்தே எடுக்கிறார்கள். அப்படியானால் 70-க்குக் கீழே கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? தன்னார்வலர்கள் எல்லாரும் வெளிர்த்தோல்காரர்களாக இருந்திருந்தால்?

2020 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். வகுத்தல் செய்தபோது தோலின் நிறம் அடிபட்டுப் போயிருக்க வேண்டுமே, ஏன் போகவில்லை? நம் சூத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் அனுமானங்களை இரண்டிரண்டு பேராகப் பட்டியலிடுங்கள் என்று மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் நில்லுங்கள். அந்த மூன்று நிமிட மௌனம் புதியவர்களுக்குத் தாங்காது, உடனே விடையைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாதீர்கள். குழு பார்க்க விரும்புவது மாணவர் யோசிக்க நீங்கள் இடம் விடுகிறீர்களா என்பதைத்தான். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காய் வாங்கும் நம் அம்மாவுக்கும் இதே கருவிதான் என்று ஒரு வரி சேர்த்தால் கேள்வி இன்னும் கிட்டே வரும்.

தயாரிப்பில் இரண்டு கவனம். கடிகாரத்தை வைத்து, உயிரியல் தெரியாத நண்பர் ஒருவர் முன்னும் கணக்கு தெரியாத ஒருவர் முன்னும் தனித்தனியாக நடத்திப் பாருங்கள். இருவரும் வெவ்வேறு இடத்தில் முழிப்பார்கள், அந்த இரண்டு இடத்திலும் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். அப்புறம், வேகம். நம்மில் பலர் பதற்றம் வந்தால் வேகமாகப் பேசுவோம். பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் கை நாக்கைக் கட்டுப்படுத்தும்.

8. நேர்காணல்

ஒரே நாளில் துறைத் தலைவர், ஆசிரியர்கள், சில இடங்களில் மாணவர்கள் என்று பலரைப் பார்க்க நேரும். கேள்விகள் பெரும்பாலும் ஊகிக்கக்கூடியவை. சாட்ஜிபிடி காலத்தில் வீட்டுப்பாடத்தை எப்படி அமைப்பீர்கள்? தடை செய்வேன் என்ற விடை எடுபடாது. ஆபத்துக் கோப்பை எழுதித் தருவதோடு நேரில் வாதாடவும் சொல்வேன் என்பதுபோல உங்கள் பாடத்திலிருந்தே விடை கொடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுகளை மேற்பார்க்க முடியும் என்றும் கேட்பார்கள். இன்னொருவரோடு பாதிப் பாதியாகப் பாடம் நடத்துவீர்களா என்றும் கேட்பார்கள், இங்கே அது வழக்கம்.

நீங்கள் கேட்க வேண்டியது: ஒரு செமஸ்டருக்கு எத்தனை பாடம், எத்தனை மாலை, டீச்சிங் அசிஸ்டன்ட் உண்டா, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, பதவி உயர்வுக்கு என்ன ஆதாரம் பார்ப்பார்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். கேட்காமல் சேர்ந்து, நான்கு மாலை வகுப்போடு முழிப்பதுதான் தப்பு.

9. ஆஃபர் வந்த பிறகு

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தப் படி எளிது. சம்பளத்தில் மத்திய சேம நிதி பிடிக்கப்படும், முதலாளியின் பங்கும் சேரும். எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருபவருக்கு அந்த நிதி கிடையாது, எனவே இங்கே குடிமகனான நண்பரின் மொத்தச் சம்பளத்தோடு உங்களுடையதை ஒப்பிடும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

பாஸுக்குப் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்கும். 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறை இருக்கிறது, 40 புள்ளி தேவை. சம்பளம், தகுதி, நிறுவனத்தின் பணியாளர் கலவை போன்றவற்றுக்குப் புள்ளி. தகுதிக்குப் புள்ளி பெறப் பட்டம் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் படியில் பெயர் பற்றி அவ்வளவு சொன்னது இதனால்தான்.

பாஸுக்கான கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள், வீட்டு வாடகைக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள். ஒப்புதல் வந்தாலும், பாஸ் வழங்கப்பட்ட பிறகுதான் வேலை தொடங்கலாம். குடும்பத்தை அழைத்துவர நினைப்பவர்கள் டிபெண்டன்ட்ஸ் பாஸுக்கான சம்பள வரம்பை ஆஃபரில் கையெழுத்திடும் முன்பே பார்த்துவிடுங்கள், சம்பளம் பேசக்கூடிய கட்டம் அதுதான்.

10. முதல் வாரத்துக்கு முன்

ஆகஸ்ட் செமஸ்டர் என்றால் ஜூலைத் தொடக்கத்திலாவது வந்துவிடுவது நல்லது. என்யூஎஸ்ஸில் கான்வாஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் பாடப் பக்கம் அமைக்க வேண்டும், ஆய்வகத்தைத் தொட வேண்டுமென்றால் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முன்பு அந்தப் பாடத்தை நடத்தியவரிடம் பழைய வினாத்தாளையும், எந்த வாரத்தில் மாணவர்கள் காணாமல் போகிறார்கள் என்ற தகவலையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மதிப்பெண் இல்லாத சின்னச் சோதனை ஒன்று வையுங்கள். பாதி கணக்கு, பாதி உயிரியல். அந்தத் தாள்களை அன்றிரவே பார்த்து, இரண்டாம் வாரத்தின் ஸ்லைடுகளை மாற்றுங்கள். முழு 13 வாரத்துக்கும் ஸ்லைடு தயாரித்து முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த மாற்றம் செய்ய மனசு வராது. நான்கு வாரத்துக்கு மட்டும் தயாரித்துக்கொண்டு வாருங்கள்.